உதவி: கல்லடிக் கடலில் 15 மீட்டர் லொகர் பிற்பகலில் தலைகீழாகக் காட்டுகிறது

கேள்வி:
வணக்கம். மட்டக்களப்புக் கல்லடிக்கு வெளியே 30 மீட்டர் ஆழத்தில் ஒரே கயிற்றில் 5, 10, 15, 20, 25 மீட்டரில் வெப்பநிலை லொகர்கள் (தானாகவே அளந்து பதியும் கருவிகள்) கட்டியிருக்கிறோம். நிமிடத்துக்கு ஒரு வாசிப்பு. ஜூலைத் தரவில், 15 மீட்டர் லொகர் காலையில் 25.8 பாகையில் நின்று, 12 நிமிடத்துக்கு ஒருதடவை 28 வரை ஏறி இறங்குகிறது. 2 மணிக்கு நீளமான நுரைக்கோடு ஒன்று மிதவையைக் கடந்தது. அதன் பிறகு அதே லொகர் 28.3இல் நின்று 26 வரை விழுந்து விழுந்து எழும்புகிறது. பழுதா? மாற்றவா?

பதில் 1:
மாற்ற வேண்டாம் தம்பி. சந்தேகம் தீர, நன்னீர் ஐஸ் போட்ட வாளியில் ஐந்து லொகரையும் ஒன்றாக அமிழ்த்தி, 20 நிமிடம் கலக்கிக்கொண்டே இருங்கள். எல்லாம் 0 பாகைக்குக் கிட்ட, ஒன்றுக்கொன்று 0.2க்குள் நின்றால் லொகர் நல்லது.

அந்த நுரைக்கோடுதான் விசயம். இரண்டு வகை நீர் முட்டும் முகப்பு அது. அங்கே மேல்நீர் ஒன்றுகூடி அமிழ்வதால் நுரையும் குப்பையும் கோடாகச் சேரும். முகப்பு கடந்ததும் மேலே உள்ள சூட்டுப் படை 10 மீட்டரிலிருந்து 18 மீட்டருக்குத் தடித்திருக்க வேண்டும். சூடும் குளிரும் சந்திக்கும் எல்லை நடு ஆழத்துக்கு (உங்களுக்கு 15 மீட்டர்) மேலே இருந்தால் உள்ளலை (நீருக்குள்ளே அந்த எல்லையில் ஓடும் அலை) கீழ்நோக்கிப் புடைக்கும், கீழே போனால் மேல்நோக்கிப் புடைக்கும். காலையில் சூடு கீழே தள்ளப்பட்டது, பிற்பகலில் குளிர் மேலே தள்ளப்படுகிறது.

பதில் 2:
விளக்கம் சரி. ஆனால் 15 மீட்டர் லொகரை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. எல்லைக்குக் கீழே இருக்கும் லொகர் காட்டக்கூடியது சூட்டுப் பாய்ச்சல் மட்டும்தான். மேலே இருப்பது காட்டக்கூடியது குளிர் வீழ்ச்சி மட்டும்தான். 2 மணிக்குப் பிறகு 20 மீட்டரைப் பாருங்கள். அங்கே சூட்டுப் பாய்ச்சல் இருந்தால் அலை இன்னும் கீழ்நோக்கியதே.

கயிற்றின் சாய்வையும் விடாதீர்கள். முகப்போடு நீரோட்டம் கூடும். 20 மீட்டர்க் கயிறு செங்குத்திலிருந்து 25 பாகை சரிந்தால் மேல்நுனி 1.9 மீட்டர் இறங்கும். அதுவே குளிர் வீழ்ச்சி போலத் தெரியும். மேல்நுனியில் ஆழத்தைக் காட்ட ஒரு அமுக்கமானி கட்டாயம்.

கேட்டவர்:
20 மீட்டர் 25.7இல் அசையாமல் நிற்கிறது. 2 மணிக்குப் பிறகு முதல் இரண்டு மூன்று அலைகள் மட்டும் உருவமில்லாமல் நீண்டு கிடக்கின்றன.

பதில் 1:
அப்படியானால் மேல்நோக்கிய அலைதான். கீழ்நோக்கிய அலை ஒரே அடியில் மேல்நோக்கியதாகப் புரளாது. முன்னால் உள்ளது தட்டையாகி நீளும், அதன் வாலில் புது மேடுகள் பிறக்கும். அந்தக் குழப்பமான இரண்டு மூன்றை வெட்டி எறியாதீர்கள், முழுத் தரவிலும் பெறுமதியானது அதுதான்.

வேகமும் பாருங்கள். 2.5 பாகை வித்தியாசத்தில் அடர்த்தி கனமீட்டருக்கு 0.8 கிலோ மாறும். மேல்படை 10 மீட்டர், கீழ்ப்படை 20 மீட்டர் என்று வைத்தால் அலை வேகம் செக்கனுக்கு 0.23 மீட்டர். முகப்பில் செக்கனுக்கு 0.2 மீட்டர் எதிரோட்டம் இருந்தால் அலை கிட்டத்தட்ட நின்று, செங்குத்தாகி உடையும். கலப்பு நடக்கும் இடம் அதுவே.

பதில் 2:
அலையின் திசையும் வேகமும் தெரிய, அடுத்த முறை மூன்று கயிறுகளை முக்கோணமாக, 40 மீட்டர் இடைவெளியில் போடுங்கள். அலைநீளம் ஏறக்குறைய 165 மீட்டர்; அதில் பாதியைத் தாண்டினால் எந்த முகடு எது என்று தெரியாது. பிளாஸ்டிக் உறை லொகரின் தாமதம் 2 நிமிடமானால் 12 நிமிட அலையின் உயரத்தில் 30 சதவீதம் மறைந்துவிடும். உறையில்லாத உணரி எடுங்கள்.

மார்கழி, தையில் பாலமீன்மடு முகத்துவாரம் (மட்டக்களப்பு வாவி கடலில் சேரும் வாய்) திறந்திருந்தால் உப்புக் குறைந்த நீர் வரும், வெப்பம் மட்டும் போதாது. அடர்த்தியைப் பொறுத்தவரை, உப்புத்தன்மை 1 அலகு மாறுவது வெப்பம் 2 பாகைக்கு மேல் மாறுவதற்குச் சமம். உப்பையும் வெப்பத்தையும் ஒன்றுக்கெதிராக ஒன்று வரையுங்கள்: அலை பழைய கோட்டிலேயே புள்ளிகளை மேலும் கீழும் ஓட்டும், முகப்பு கோட்டையே விட்டு விலகும்.