சர்வரில் விம் விட்டுச்சென்ற ஸ்வாப் ஃபைல்: அழித்தால் போதுமா?

தறிநாடா கேட்டது:
வணக்கம். ஒரு ஜவுளிக் கடையின் இணையதளத்தை நான் ஒருவனே பார்த்துக்கொள்கிறேன். உபுண்டு, அப்பாச்சி, பிஎச்பி. போன வியாழக்கிழமை இரவு எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) வழியாக உள்ளே போய், பாஸ்வேர்டுகள் இருக்கும் கான்ஃபிக்.பிஎச்பி ஃபைலை விம் எடிட்டரில் திருத்திக்கொண்டிருந்தேன். பாதியில் கரண்ட் போய் இணைப்பு அறுந்துவிட்டது. காலையில் மறுபடி திறந்தால் ஸ்வாப் ஃபைல் இருப்பதாக எச்சரிக்கை. ஆர் அழுத்தி மீட்டு, சேமித்துவிட்டு வெளியே வந்தேன்.

நேற்று அக்சஸ் லாகைப் (சர்வருக்கு வந்த வேண்டுகோள்களின் பதிவு) பார்த்தால், தெரியாத ஐபி ஒன்று .கான்ஃபிக்.பிஎச்பி.எஸ்டபிள்யூபி என்ற அந்த ஸ்வாப் ஃபைலைக் கேட்டிருக்கிறது. சர்வரும் 200 (சரி என்ற குறியீடு) போட்டுக் கொடுத்திருக்கிறது. உடனே அதை அழித்துவிட்டேன். இது போதுமா? விம்மை விட்டு நானோ எடிட்டருக்கு மாறிவிடலாமா?

பழையமுனையம்:
போதாது தம்பி. இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதே ஃபைலில் மெயில் பாஸ்வேர்டோ பேமென்ட் கேட்வே சாவியோ இருந்தால் அவற்றையும் மாற்றுங்கள். 200 என்றால் அந்த விவரம் வெளியே போய்விட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

நடந்தது இதுதான். நீங்கள் தட்டுவது தொலைந்துபோகாமல் இருக்க, விம் அதே ஃபோல்டரில் ஒரு நகலை எழுதிக்கொண்டே இருக்கும், அதுதான் ஸ்வாப். 200 எழுத்து தட்டினாலோ 4 விநாடி கையை எடுத்தாலோ நகலைப் புதுப்பிக்கும். ஒழுங்காக வெளியேறினால் தானே அழித்துவிடும். இணைப்பு அறுந்தால் அப்படியே விட்டுவைக்கும். ஆர் அழுத்தி மீட்டாலும் பழைய ஸ்வாப் போகாது, நாம்தான் அழிக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் விட்டுப்போனது இந்த இடத்தில்தான்.

கான்ஃபிக்.பிஎச்பி என்று கேட்டால் அப்பாச்சி அதை இயக்கி விடையை மட்டும் அனுப்பும். கடைசியில் எஸ்டபிள்யூபி என்று இருந்தால் அதற்கு அது வெறும் ஃபைல், உள்ளே இருப்பதை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடும். புள்ளியில் தொடங்கும் பெயர் மறைந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். உபுண்டுவில் வரும் அப்பாச்சி அமைப்பு, புள்ளி-எச்-டி என்று தொடங்கும் ஃபைல்களை மட்டும்தான் மறுக்கிறது. ஸ்வாப்பில் வரிகள் கீழிருந்து மேலாகக் கிடக்கலாம், ஆனால் பாஸ்வேர்டு பளிச்சென்று தெரியும்.

எனக்கு இது நேர்ந்தபோது வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். நானும் முதலில் ஃபைலைத்தான் அழித்தேன். பாஸ்வேர்டை மாற்ற மறுநாள் வரை காத்திருந்தேன். அதற்குள் உள்ளே வந்துவிட்டார்கள். வாடிக்கையாளர்களின் முகவரிப் பட்டியல் போனது. அந்த ஒரு இரவை இன்றும் மறக்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நானோவுக்கு மாறுவதால் பயனில்லை. இணைப்பு அறுந்தால் அதுவும் பெயரின் கடைசியில் .சேவ் சேர்த்து ஒரு நகலை வைத்துவிடும். ஈமேக்ஸ் என்ற எடிட்டரும் பழைய நகலைப் பெயரின் கடைசியில் அலைக்குறி (~) போட்டு வைக்கும். விம்மிலேயே இருங்கள். விம்ஆர்சி என்ற விம்மின் அமைப்பு ஃபைலில், ஸ்வாப் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் 'டைரக்டரி' அமைப்பை உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் ஒரு இடத்துக்குத் திருப்பிவிடுங்கள். கடைசியில் இரண்டு சாய்கோடு போட்டால் முழுப் பாதையும் ஸ்வாப்பின் பெயரில் சேர்ந்துவிடும், ஒரே பெயருள்ள இரண்டு ஃபைல்கள் மோதாது. ஃபோல்டரை நீங்களே உருவாக்க வேண்டும், அனுமதி 700 (உங்களுக்கு மட்டும்) போதும். விம்மிலிருந்து பிறந்த நியோவிம் இதைக் கேட்காமலே செய்கிறது.

மழைக்கோடு:
அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சுடோ போட்டு விம்மைத் திறக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், எடிட்டரே ரூட்டாக, அதாவது சர்வரின் முழு அதிகாரத்தோடு ஓடும். சுடோஎடிட் பயன்படுத்துங்கள். அது தற்காலிக நகலை உங்கள் பெயரில் திறந்து, சேமித்த பிறகு உரிய இடத்தில் வைக்கும். ஸ்வாப்பும் இணையதள ஃபோல்டரில் உருவாகாது.

தறிநாடா:
மூன்று பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன் அண்ணா. லாகை மறுபடி முழுவதும் பார்த்தேன். அதே ஐபி .சேவ், .பேக், அலைக்குறி எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டிருக்கிறது, அவற்றுக்கெல்லாம் 404 (இல்லை என்ற பதில்). மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் 127.0.0.1-இல், அதாவது அதே சர்வருக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டும்தான் ஏற்கிறது. டேட்டாபேஸை பிரவுசரில் பார்க்கும் பிஎச்பிமைஅட்மின் வெளியே திறந்திருந்தது, இப்போது மூடிவிட்டேன்.

பழையமுனையம்:
அது திறந்திருந்தது என்றால் மைஎஸ்க்யூஎல் உள் இணைப்பை மட்டும் ஏற்பது உங்களைக் காப்பாற்றியிருக்காது. பழைய பாஸ்வேர்டு கையில் இருந்தால் அந்த வழியாகவே நுழையலாம். ஸ்வாப் போன நேரத்திலிருந்து நீங்கள் மூடிய நேரம் வரை பிஎச்பிமைஅட்மினுக்கு வந்த ஒவ்வொரு வேண்டுகோளையும் லாகில் பாருங்கள். யாராவது நுழைந்த தடயம் இருந்தால் கடைக்காரரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். வாடிக்கையாளர் விவரம் அவர் பொறுப்பில் இருப்பது.

அப்புறம், ஹோம் ஃபோல்டரில் இருக்கும் .விம்இன்ஃபோவைத் திறந்து பாருங்கள். நீங்கள் விம்மில் வெட்டிய, நகலெடுத்த வரிகளை அது அதிலும் வைத்திருக்கும். புதிய பாஸ்வேர்டு உள்ள வரியை அப்படி வெட்டியோ நகலெடுத்தோ இருந்தால் அங்கேயும் இருக்கலாம். கான்ஃபிக் ஃபைலையே டாக்குமென்ட் ரூட்டுக்கு (அப்பாச்சி வெளியே காட்டும் ஃபோல்டர்) ஒரு படி மேலே நகர்த்திவிடுங்கள். அந்த ஃபைலை அழைக்கும் இன்க்ளூட் வரியில் பாதையை மாற்றினால் போதும், பத்து நிமிட வேலை.