கல்லடி மண்டபம்: 187 மீட்டரா, 214 மீட்டரா?

கல்லடி ஓரம்:
மட்டக்களப்பில் எங்கட கல்லடிக் கடற்கரைப் பக்கம் மூன்று மாடிக் கல்யாண மண்டபம் கட்டக் கேட்டவரின் விண்ணப்பத்தை திட்டமிடல் குழு இந்தக் கிழமை எடுத்ததாம். அதைப் பற்றி நேற்று சூரிச் தம்பி எழுதியிருக்கிறார்: “காணி கடலில் இருந்து 214 மீட்டர். 200 தாண்டினால் ஒருவராலும் தடுக்க ஏலாது.” வாசிக்கும்போதே தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது. நான் நேரே போய் அளந்தவன். மச்சானின் கரைவலைக் கயிறு, ஐம்பது மீட்டருக்கு ஒரு முடிச்சு. மூன்று முடிச்சு போய், மிச்சத்தை மேசன் நாடாவால் பிடித்தால் 37. மொத்தம் 187. எழுதி வைத்துக்கொள்ளும்.

சூரிச் தம்பி:
அண்ணன், வலைக்கயிறு இழுபடும். உங்கள் ஐம்பது மீட்டர் உண்மையில் ஐம்பத்தேழாக இருக்கும். நான் கூகுள் வரைபடத்தில் மதிலில் இருந்து அலை வரை கோடு போட்டேன். 214.

கல்லடி ஓரம்:
எந்த மாதத்துப் படம்? சித்திரையில் கடல் தூரத்தில்தான் கிடக்கும். மார்கழி வாடைக்கு வந்து பாரும், தோணியை ஏற்றி வைக்கவே மணல் போதாது. அப்போது அளந்தால் 187-உம் வராது. ஆனால் நான் நியாயமானவன், 187 என்றே சொல்கிறேன்.

நாவற்குடா டீச்சர்:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். 200 மீட்டர் என்பது சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்குக்கு அறிவித்த தடை வலயம். தெற்கிலும் மேற்கிலும் 100. 2005, 2006-லேயே அதைத் தளர்த்திவிட்டார்கள். இப்போது பார்க்க வேண்டியது 1981-ஆம் ஆண்டின் 57-ஆம் இலக்கக் கரையோரச் சட்டத்தை. சராசரி உயர் நீர்மட்டக் கோட்டில் இருந்து தரைப்பக்கம் 300 மீட்டர் கரையோர வலயம். அதற்குள் கட்டுவதென்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அனுமதி வேண்டும் என்பதும் கட்டக்கூடாது என்பதும் ஒன்றல்ல. 187 என்றாலும் 214 என்றாலும் 300-க்கு உள்ளேதானே?

கல்லடி ஓரம்:
நல்ல விளக்கம் டீச்சர், நன்றி. ஆக 187 என்பதை நீங்களும் ஏற்றுக்கொள்கிறீர்கள்.

நாவற்குடா டீச்சர்:
நான் எங்கே ஏற்றேன்?

சூரிச் தம்பி:
டீச்சர் 214 என்றும் எழுதியிருக்கிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசியுங்கள்.

புளியந்தீவு மாமா:
மீட்டரை விடுங்கோ. அந்த ஒழுங்கையில் இரண்டு ஓட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னுக்குப் போக வேண்டும். முகூர்த்த நாளில் முந்நூறு பேர் வந்தால் வாகனத்தை எங்கே விடுவது, கடலுக்குள்ளா? குழு கேட்க வேண்டியது இதை.

கல்லடி ஓரம்:
மாமா கல்லடிப் பாலத்துக்கு அங்கால இருந்து கொண்டு எங்கட ஒழுங்கையை அளக்கிறார். வாவிக்கரையில் உங்கள் மதில் வடிகானுக்கு மேலே நிற்பதை யார் அளப்பது?

புளியந்தீவு மாமா:
அந்த மதில் என் மாமனார் காலத்தது! அப்போது புதுப் பாலம் எங்கே இருந்தது? பழைய மன்னிங் பாலத்தில் ஒரு பஸ் வந்தால் மறுபக்கம் நாங்கள் காத்து நின்ற காலம். 2013-இல் புதுப் பாலம் வந்த பிறகு பிறந்தவன் மாதிரிக் கதைக்காதீர்.

கல்லடி ஓரம்:
வயதைக் கேட்கவில்லை மாமா. வடிகானைக் கேட்டேன்.

சூரிச் தம்பி:
யாராவது ஊருக்குள் நாலு காசு போட்டால் உடனே கயிறு கொண்டு ஓடி வருவீர்கள். மண்டபம் வந்தால் நாற்பது பேருக்கு வேலை.

கல்லடி ஓரம்:
விண்ணப்பக்காரர் உமக்கு என்ன முறை தம்பி? சும்மா கேட்கிறேன். அங்கே உங்கள் ஊரில் யன்னல் மாற்றவும் அனுமதி எடுப்பீர்களாம். இஞ்ச மட்டும் ஒருவரும் கேட்கக்கூடாதோ? சுனாமியில் சரிந்த எங்கட கல்லடித் திருச்செந்தூர் கோயில் கோபுரம் இன்றைக்கும் சரிந்துதான் நிற்கிறது. 2004 மார்கழி 26 காலை நான் அந்தப் பக்கம்தான் நின்றேன். தண்ணி கயிறு பிடித்து அளந்து வரவில்லை.

நாவற்குடா டீச்சர்:
அதைத்தான் சொல்கிறேன். அப்படியென்றால் 187, 214 எதற்கு? வெளியேறும் வழி, மாடி உயரம், கழிவுநீர்க் குழி, இதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். ஆட்சேபக் கடிதம் எழுதித் தருகிறேன், யார் கையெழுத்து வைக்கிறீர்கள்?

புளியந்தீவு மாமா:
என் மதிலைப் பற்றிச் சொன்னதை அவர் வாபஸ் வாங்கட்டும், மறுகா வைக்கிறேன்.

சூரிச் தம்பி:
எனக்கு எந்த முறையும் இல்லை. தூரத்துச் சொந்தம்.

கல்லடி ஓரம்:
ஆ! வந்தது பார்.

சூரிச் தம்பி:
ஞாயிற்றுக்கிழமை சேவயரைக் கூட்டி வரச் சொல்கிறேன். மதிலில் இருந்து அளக்கட்டும்.

கல்லடி ஓரம்:
மதிலில் இருந்து என்றால் நான் வரமாட்டேன். அந்த மதிலே போன வருடம் ஆறடி பின்னுக்குத் தள்ளிக் கட்டினது. பழைய வேலிக்கட்டை இன்னும் மணலுக்குள் கிடக்கிறது, காட்டுகிறேன். கட்டையில் இருந்து பிடியுங்கள். 187.