வெய்ல் செமிமெட்டல்ல எந்த சிமெட்ரி உடையுது?

கேள்வி:
எம்எஸ்சி பிசிக்ஸ் பண்றேன். டிராக் செமிமெட்டல்ல சிமெட்ரிய உடைச்சா வெய்ல் வரும்னு போட்டிருக்கு, எந்த சிமெட்ரி, ஏன் உடையணும்? புரியுற மாதிரி சொல்லுங்களேன்.

பதில் 1:
தம்பி, வெய்ல் பாயின்ட்னா எலக்ட்ரானோட ரெண்டு எனர்ஜி பேண்ட் தொட்டுக்கிற புள்ளி. டிராக் பாயின்ட்னா ரெண்டு வெய்ல் பாயின்ட் ஒண்ணுமேல ஒண்ணு உக்காந்திருக்கு, அவ்ளோதான். இன்வர்ஷன் (எல்லா திசையையும் தலைகீழாத் திருப்பினாலும் கிரிஸ்டல் அப்படியே இருக்கிறது), டைம் ரிவர்சல் (நேரத்த பின்னால ஓட்டினாலும் மாறாம இருக்கிறது) ரெண்டு சிமெட்ரியும் இருக்கிற வரைக்கும் பேண்டெல்லாம் ரெண்டு ரெண்டா ஒட்டிக்கிட்டே இருக்கும், ஏதாவது ஒண்ணு போனாதான் பிரியும். 2015ல சிக்குன டான்டலம் ஆர்சனைடுல இன்வர்ஷன் கிடையாது, 24 வெய்ல் பாயின்ட். ஆர்பெஸ்ல (ஒளிய அடிச்சு வெளிய வர்ற எலக்ட்ரான அளக்குற முறை) சர்ஃபேஸ பாத்தா ஃபெர்மி ஆர்க் தெரியும், வட்டமா மூடாம பாதியில நிக்கிற கோடு, முதல்தடவ பாக்கிறப்ப டேட்டா கட்டாயிடுச்சோன்னு தோணும்.

பதில் 2:
மேல சொன்னது சரி, ஆனா எனக்கு காந்த வகைதான் பிடிக்கும். கோபால்ட், டின், சல்ஃபர் சேர்ந்த ககோமே கிரிஸ்டல் (கூடைப் பின்னல் மாதிரி முக்கோணமா அணு அடுக்குனது) ஒண்ணு இருக்கு, சுமார் 177 கெல்வினுக்குக் கீழ கொண்டுபோனா ஃபெர்ரோமேக்னட் ஆயிடும், அப்ப உடையறது டைம் ரிவர்சல். வெய்ல் பாயின்ட் 3 ஜோடிதான், வெளிய ஃபீல்டே குடுக்காம பெரிய ஹால் சிக்னல் (கரென்டுக்குக் குறுக்கால வர்ற வோல்டேஜ்) வரும்.

கேள்வி கேட்டவர்:
அப்ப காந்தத்த திருப்பிப்போட்டா ஹால் வோல்டேஜும் மாறுமா அண்ணா?

பதில் 2:
மாறும்பா, ப்ளஸ் மைனஸ் ஆயிடும். சூடாக்கி காந்தம் போச்சுன்னா அதுவும் போச்சு.