காலேஜ் நெட்வொர்க் வேலை கத்துக்க சேலத்துல வழி இருக்கா?

கருப்பூர் தம்பி: எங்க காலேஜ் நெட்வொர்க்க நானும் இன்னொருத்தரும்தான் பாத்துக்கறோம், ரவுட்டிங் (டேட்டா போற வழிய அமைக்கறது), ஐபிவி6 (புது இணைய முகவரி முறை) எல்லாம் முறையா கத்துக்கணும், பெங்களூரு போய் காசு கட்டி படிக்க வசதியில்ல. இங்க காலேஜுங்க சேர்ந்து ஏதாச்சும் பண்றாங்களா?

ஏற்காட்டு அக்கா: ஆசிய-பசிபிக் நாடுகளுக்கு இணைய முகவரி ஒதுக்கற அமைப்பு ஏபிநிக், அதோட அகாடமில ஆன்லைன் கோர்ஸ், லேப் ரெண்டும் இலவசம் தம்பி, இன்னைக்கே ஆரம்பிங்க.

அஸ்தம்பட்டி அண்ணன்: சனாக் பத்தியும் பாருங்க, 2003ல காத்மாண்டுல ஆரம்பிச்சது, தெற்காசிய நெட்வொர்க் ஆளுங்க நாடு நாடா கூடி ஒருத்தருக்கொருத்தர் சொல்லித் தர்றாங்க, அந்தப் பழக்கம் அருமையானது. நம்ம நாட்டு கல்வி, ஆராய்ச்சி நெட்வொர்க்கான எர்நெட்டே 1986ல ஐஐடி மெட்ராஸ் மாதிரி சில நிறுவனங்க கைகோர்த்து ஆரம்பிச்சதுதான், ஐநா வளர்ச்சித் திட்டமும் உதவுச்சு.

கருப்பூர் தம்பி: நன்றிண்ணா. பக்கத்து காலேஜ் ஆளுங்களையும் சேத்து சனிக்கிழமை ப்ராக்டிஸ் பண்ணலாமா?

ஏற்காட்டு அக்கா: நான் வர்றேன், பழைய ரவுட்டர் ரெண்டு இருக்கு, எடுத்துட்டு வரேன்.