நீலம் மேலயா, சிவப்பு மேலயா? மூவண்ணப் பட்டை விவாதம்

சொல்தா பேரன்:
நேத்து இங்க ஒருத்தர் பாரிஸ் விழாப் படத்தைப் போட்டு, "மேயர் தோள்ல போடற பிரெஞ்சுக் கொடி நிற (நீலம், வெள்ளை, சிவப்பு) மூவண்ணப் பட்டையைத் தலைகீழா மாட்டியிருக்கார், சிவப்பு கழுத்துப் பக்கம் இருக்கு, கொடிக்கே அவமானம்"னு எழுதியிருந்தார். பத்திக்கிட்டு வந்தது. அவர் மேயரே இல்ல, நாடாளுமன்ற உறுப்பினர். அவங்களுக்குச் சிவப்புதான் கழுத்துப் பக்கம். மேயருக்குத்தான் நீலம். எங்க வீட்ல மூணு தலைமுறை பிரெஞ்சுப் பட்டாளம், அதான் சொல்தா. தெரியாம எழுதாதீங்க.

வில்லியனூரான்:
எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே கேட்டிருக்கலாமே. கொடியில முதல்ல வர்றது நீலம். பட்டையிலயும் நீலம்தான் மேல வரணும். ஆளுக்கொரு வரிசைன்னா அது கொடியா, பந்தல் தோரணமா?

சொல்தா பேரன்:
பிரெஞ்சு அரசோட 2000 டிசம்பர் 18 ஆணையைப் படிங்க. மேயர் பட்டையை வலது தோள்லேருந்து இடது பக்கமாப் போட்டா நீலம் கழுத்தை ஒட்டி வரணும். இடுப்புல கட்டினா நீலம் மேல. நாடாளுமன்றத்துக்காரங்கள்ட்டேருந்து வித்தியாசம் தெரியணும்னுதான் இப்படின்னு அதுலயே இருக்கு.

லா சப்பேல் தம்பி:
அண்ணை சொல்லுறது சரி. நான் இங்க பிரான்சில மேரியில, அதுதான் நகரசபையில, கலியாணம் எழுதினனான். எழுதி வைச்சவ துணை மேயர். நீலம் கழுத்துப் பக்கம்தான் கிடந்தது. குஞ்சம் மட்டும் வெள்ளி. மேயருக்கெண்டால் தங்கக் குஞ்சம்.

வில்லியனூரான்:
குஞ்சத்தை யார் கேட்டா? 2000க்கு முன்னாடி என்ன வழக்கம்? எங்க தாத்தா பெட்டியில, புதுச்சேரி பிரெஞ்சுக்காரங்க கையில இருந்தப்ப எடுத்த, 1954க்கு முந்தின மேரிப் படம் இருக்கு. பட்டையில கழுத்துப் பக்கம் கறுப்பு, நடுவுல வெள்ளை, வெளிப்பக்கம் சாம்பல். கறுப்பாத் தெரியறது நீலம்தானே?

சொல்தா பேரன்:
கறுப்பு வெள்ளைப் படத்துல நிறம் கண்டுபிடிச்சவர் நீங்க ஒருத்தர்தான். பழைய ஃபிலிம் சிலதுல சிவப்புதான் கறுப்பா விழும், நீலம் வெளுத்துப்போகும். உங்க படத்துல கழுத்துப் பக்கம் இருக்கறது சிவப்பாவும் இருக்கலாம்!

வில்லியனூரான்:
அப்ப மேயரும் சிவப்பை மேல போட்டார்னு நீங்களே சொல்றீங்க. உங்க ஆணை எங்க போச்சு?

சொல்தா பேரன்:
ஆணை வந்தது 2000ல. உங்க படம் 1954க்கு முந்தினது. மேயருக்கு நீலம், உறுப்பினருக்குச் சிவப்பு. எத்தனை தடவை எழுதறது?

ஹவில்தார் ஓய்வு:
தோளைப் பத்தி யாரும் பேசலையே. பிரிட்டிஷ் காலாட்படையில சார்ஜெண்டுக்கு வலது தோள்ல சிவப்புப் பட்டை. பழைய சோமர்செட் படையில மட்டும் இடது தோள்ல போட்டாங்க. 1746ல ஸ்காட்லாந்துல நடந்த கல்லோடன் போர்ல அதிகாரிகள் விழுந்ததும் சார்ஜெண்டுகள் முன்ன நின்னதுக்குக் கிடைச்ச மரியாதைன்னு அந்தப் படைக்காரங்க சொல்வாங்க. பட்டைன்னா இப்படி உழைச்சு வாங்கினதா இருக்கணும். ஓட்டு வாங்கினவனுக்கெல்லாம் எதுக்கு?

சொல்தா பேரன்:
ஐயா, இங்க பேசறது பிரான்ஸ். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்னிக்குப் புதுச்சேரி கடற்கரைச் சாலை போர் நினைவிடத்துல மெடல் குத்திக்கிட்டு நிக்கறவங்க எங்க பெரியவங்க. உழைப்பைப் பத்தி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம்.

வில்லியனூரான்:
வந்துட்டாருய்யா, ஜூலை 14! போன வருஷமும் இதையே சொல்லித்தான் என் வாயை அடைச்சீங்க. சொல்தா வீட்டுல பொறந்தாத்தான் பிரெஞ்சுக் கொடி தெரியுமா?

லா சப்பேல் தம்பி:
அண்ணையவை, முதல் போட்ட படத்தில குஞ்சம் தங்கமோ வெள்ளியோ? உறுப்பினருக்கும் தங்கக் குஞ்சம்தானே, வெள்ளியெண்டால் அவர் உறுப்பினரும் இல்லை.

சொல்தா பேரன்:
தங்கம்தான், தம்பி. நல்லாப் பெருசாக்கிப் பாருங்க. சிவப்பு கழுத்துப் பக்கம், தங்கக் குஞ்சம். உறுப்பினர்தான்.

வில்லியனூரான்:
நான் பெருசாக்கிப் பார்த்தாச்சு. தலைகீழாத்தான் இருக்கு.