பொருள்: புரதத்து ‘பாக்கெட்’டுக்கு ஒரு சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

கும்பகோணம், உயிர்வேதியியல் ஆசிரியை:

அன்பர்களுக்கு வணக்கம். தமிழ்வழி மாணவர்களுக்கான புற்றுநோய்ப் புரதக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகம் போகிறது. ‘பாக்கெட்’ ஒன்றுதான் பாக்கி, அதாவது புரதத்தில் மருந்து போன்ற சிறு மூலக்கூறு வந்து பொருந்தும் குழிக்கான சொல்.

இடம் இது: செல் புற்றாக மாறாமல் காக்கும் பி53 புரதத்தில் 393 அமினோ அமிலங்கள் (புரதச் சங்கிலியின் கண்ணிகள்). 273ஆவது இடத்து ஆர்ஜினின் டி.என்.ஏ.வை நேராகத் தொடுகிறது. அது மாறினால் பிடி போகும், உருவம் பெரும்பாலும் நிற்கும். 220ஆவது இடமோ டி.என்.ஏ.வை விட்டுத் தள்ளி இருக்கிறது. அங்கே பெரிய டைரோசின் போய்ச் சின்ன சிஸ்டீன் வந்தால் மேற்பரப்பில் பள்ளம் விழுந்து, உடல் சூட்டுக்கே புரதம் குலைகிறது. டி.என்.ஏ.வோடு சேர்ந்த படிக அமைப்பு 1994இல் வந்த பிறகுதான் இந்த வேறுபாடு தெளிவாகப் பிடிபட்டது. அதுவரை இரண்டும் வெறும் எழுத்துப் பிழை. பள்ளத்தில் மருந்தைப் பொருத்திப் புரதத்தை நிமிர்த்தப் பார்க்கிறார்கள்.

‘பை’ என்று போட்டேன். “மஞ்சப்பையா மேடம்?” என்கிறாள் ஒருத்தி.

மன்னார்குடி:

மேடம், இது நண்டு வளை. வரப்பில் வளை விழுந்தால் தண்ணீர் கசிந்து கசிந்து வரப்பே போய்விடும். களிமண்ணை உருட்டித் திணித்து மிதித்தால் நிற்கும். மருந்துக்கும் அதே வேலைதானே? எங்கப்பாவுக்கே புரியும்.

திருவையாறு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

வளை என்றால் வளையல், சங்கு, வளைதல். மடிப்பும் வளைவும் பேசும் கையேட்டில் குழப்பம்தான் மிஞ்சும். பழஞ்சொல் ‘அளை’. ஐங்குறுநூற்றுக் கள்வன் (நண்டு) பத்தில் நெற்பூ உதிர்ந்து நண்டின் மண்ணளை நிறைகிறது. மருந்து நிறைப்பதற்கு இதைவிடவா உவமை வேண்டும்? அளை வகரம் ஏற்றதா, வளை வகரம் இழந்ததா என்பதைத் தனி மடலில் விரிக்கிறேன். நிற்க, ‘எழுத்துப் பிழை’ என்று எழுதியிருக்கிறீர்கள். நன்னூல் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று விகாரம் சொல்கிறது. 220இல் நடந்தது திரிதல். இலங்கையில் பிறழ்வை (மியூட்டேஷனை) விகாரம் என்றே எழுதுகிறார்கள், நாம்தான் விட்டுவிட்டோம்.

மயிலாடுதுறை:

ஐயா, தனி மடலை நான்கு பக்கமும் படித்தேன். அளைக்கு மோர் என்றும் பொருள் உண்டே! அது போக, அளையும் வளையும் ஓட்டையைத்தான் சொல்கின்றன. நொதிகளில் பாக்கெட்தான் வேலை நடக்கிற இடம், பழுது இல்லை. என் ஓட்டு ‘மடி’க்கு. வேட்டியில் யாரும் பை தைப்பதில்லை. மடித்துச் செருகினால் அதுவே மடி, வெற்றிலை பாக்கு தங்கும். புரதமும் மடிந்துதான் பாக்கெட் ஆகிறது.

திருவாரூர்:

மடி என்றால் சோம்பல். வள்ளுவர் ஓர் அதிகாரமே செலவழித்திருக்கிறார். மடிந்தான் என்றால் செத்தான். நோயாளி வீட்டார் கையில் இது கிடைத்தால்? பேசாமல் பாக்கெட் என்றே போடுங்கள். ஷட்டர் என்று சொல்லித்தான் கல்லணையில் தண்ணீர் திறக்கிறார்கள், பயிர் கோபித்துக்கொள்ளவில்லை. (லத்தீனில் கேன்சர் என்றாலே நண்டு. மன்னார்குடிக்காரருக்குத் தெரியுமோ?)

மன்னார்குடி:

நோயே நண்டா! அப்போ வளைதான், வேறு பேச்சே இல்லை.

கும்பகோணம், வியாழன் இரவு:

அச்சகத்தார் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். பொதுச்சொல் ‘மடி’, முதல் முறை வருமிடத்தில் மட்டும் பக்கத்தில் பாக்கெட். பி53இன் 220க்கு ‘வளை’. கே-ராஸ் என்ற இன்னொரு புற்றுநோய்ப் புரதத்தில் பள்ளத்தைத் தோண்டியது பிறழ்வு அல்ல. 12ஆவது கிளைசின் போய் வந்த சிஸ்டீன், மருந்தைக் கொக்கி போட்டுப் பிடிக்கிறது, அவ்வளவுதான். 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோட்டோராசிப் மருந்து அப்படி மாட்டிக்கொள்வதுதான். ஆகவே அங்கே மடி. மூவர் ஒப்பினார்கள், திருவாரூர் பதில் போடவில்லை.

திருவையாறு:

போகட்டும். இரண்டாம் பதிப்பில் அளையைக் கேட்பேன். நண்டா, ஞண்டா என்பதை யாரும் தொடவே இல்லை. நாளை எழுதுகிறேன்.