மறுமொழி: வெளிவந்த கணினி விளையாட்டுக்குப் பின்னால் வரும் கூடுதல் பகுதி – தமிழில் என்ன?

குழுமத்தாருக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை காலை மொழிபெயர்ப்புக் கோப்பை அனுப்பியாக வேண்டும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

> "புறனடை" என்றே வைக்கலாம். சொல்லாமல் விட்டதைக் கடைசியில் தழுவிக்கொள்வதுதானே?

ஐயா, தொல்காப்பியத்தின் 'கிளந்த அல்ல' நூற்பாவை நீங்கள் காட்டியதும் எனக்கும் ஆசை வந்தது. ஆனால் புறனடை இலக்கண நூலுக்குள்ளேயே இருப்பது. விட்சர் 3 விளையாட்டு வந்தது 2015 மே மாதம்; அதன் கூடுதல் பகுதியான 'பிளட் அண்ட் வைன்' ஓராண்டு கழித்து, துசான் என்ற புது நாடும் புதுக் கதையுமாகத் தனி விலைக்கு வந்தது. விட்டதைச் சேர்க்கவில்லை, நிலத்தையே விரித்தார்கள். "விரிவு" போதும் என்பது என் கட்சி. ஆங்கிலத்தில் 'எக்ஸ்பான்ஷன் பேக்' என்கிறார்களே என்று பின்னால் "பொதி" சேர்க்க வேண்டாம். 1998இல் ஸ்டார்கிராஃப்ட் விளையாட்டின் விரிவான 'புரூட் வார்' பெட்டியில் குறுந்தகடாக வந்தபோது அது பொருந்தியது. இன்று எல்லாம் இறக்கிக்கொள்வதுதானே.

> சின்னச் சின்னச் சேர்க்கைகளுக்கு "இணைப்பு". வார இதழ்களின் இலவச இணைப்பை அறியாதவர் உண்டா?

அக்கா, அருமையான சொல். ஆனால் திரையில் போட்டுப் பார்த்தேன். கடைப் பக்கத்தில் "இணைப்பு இல்லை" என்று வந்ததும், என் மகன் எழுந்துபோய் மோடத்தை அணைத்துப் போட்டான். அந்த இடத்தில் எவருக்கும் அப்படித்தான் படும். "சேர்க்கை" என்று மாற்றிவிட்டேன்.

> கொசுறு தெலுங்கு. வேண்டவே வேண்டாம்.

தம்பி, காய்கறிக் கடையில் கறிவேப்பிலையைக் கொசுறாகக் கேட்கும் அம்மாவுக்கு அது தமிழ்தான். விட்சர் 3 விலையில்லாமல் தந்த 16 சேர்க்கைகளுக்கு இதைவிடச் சரியான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. 2006இல் ஆப்லிவியன் விளையாட்டின் குதிரைக் கவசம் என்ற சேர்க்கைக்கு எக்ஸ்பாக்ஸில் 2.50 டாலர் வாங்கினார்கள். காசு வாங்கினால் அது கொசுறாகாது. இந்த வேறுபாட்டைச் சொல்லே காட்டிவிடுகிறது, அதை இழக்க எனக்கு மனமில்லை.

அப்புறம் சீசன் பாஸ். "பருவச்சீட்டு" என்றால் மாம்பழப் பருவம்தான் நினைவுக்கு வருகிறது. இன்னும் செய்தே முடிக்காத பகுதிகளுக்கும் சேர்த்து முன்கூட்டியே பணம் கட்டுவது அது. "முன்சீட்டு" என்று எழுதிப் பார்த்தேன், பேருந்தின் முன் இருக்கை போல இருக்கிறது.

இப்போதைக்குக் கோப்பில் விரிவு, சேர்க்கை, கொசுறு. சீசன் பாஸ் அப்படியே நிற்கிறது. ஐயாவுக்கு விரிவில் உடன்பாடில்லை என்பதையும் குறித்திருக்கிறேன். வியாழன் இரவுக்குள் யாருக்காவது வேறு தோன்றினால் எழுதுங்கள்.